பள்ளி மரம் எத்தனை

1954 மார்ச் 9, செவ்வாய்

இன்று காலை பள்ளிவாசல் டிரஸ்டி பதுர்தீன் ஹாஜியார் ஆளனுப்பி, என் தோட்டத்துத் தென்னை நாற்பத்தொன்றிலும் காய் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்தோனிமுத்து ஓடிவந்தான். வஹகோட்டை வேதக்காரன், அந்தத் தோட்டத்தில் என் காலத்துக்கு முன்னாலேயே மரமேறுகிறவன். சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. இன்று கத்தினான்.

"முதலாளி, எல்லா மரத்துலயும் ஏறிட்டாங்க. பள்ளி மரம் ஏழுதான்னு சொன்னேன். எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு, பள்ளி மரம் இல்லாதது எதுன்னு காட்டுடாங்கிறாங்க."

"காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேன். சிரிக்கிறாங்க."

நான் இரத்தோட்டை ரோட்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. குரும்பை இரண்டு உதிர்ந்து கிடந்தது. அதை விட்டுவைத்தார்களே, அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 10

நாளை சட்டம் கேட்கப் புரொக்டரிடம் போகிறேன். எல்லாம் கேட்பார். கேட்கிறபோது கோபத்தில் முன்பின்னாக உளறாமலிருக்க இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நம் பக்கத்தில் மண் ஒருவனுக்கு, மரம் ஒருவனுக்கு என்பது புதிதில்லை. பள்ளிக்கு என்று நேர்ந்துவிட்ட மரத்துக்கு ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பறிக்கிறவன் அந்தக் காயைத் தனியாகக் குவிப்பான். அது நோன்பு மாதம் பள்ளியில் காய்ச்சுகிற கஞ்சிக்குத் தேங்காய்ப் பாலாகப் போகும். மௌத்தான ஸஹாப்தீன் நானா இந்தத் தோட்டத்தில் ஏழு மரத்தை அப்படி நேர்ந்திருந்தார். வாயால் சொன்னதுதான், எழுத்து இல்லை. அவர் போனபின் 1946இல் அவர் மனைவி உம்மு குல்தூமிடம் நான் தோட்டத்தை வாங்கினேன். அன்றிலிருந்து ஏழு மரத்துக் காயும் தவறாமல் பள்ளிக்குப் போகிறது. ஒரு காய் குறைந்தது என்று எவனும் சொல்ல முடியாது.

போன மாதம் மகள் ஸக்கியாவைப் பெண் கேட்டு கண்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோட்டத்தை அவளுக்குத்தான் எழுதப்போகிறேன் என்றேன். பார்க்கணும் என்றார்கள். எஸ்டேட் துரை பங்களா ரோட்டில் மரமெல்லாம் வரிசையாக வெள்ளை அடித்து நிற்குமே, அந்த மாதிரி இருக்கட்டும் என்று நாற்பத்தொன்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன்.

அந்தோனிமுத்து வாளியோடு நின்று கேட்டான். "பிறகு பள்ளி மரம் எது, நம்ம மரம் எதுன்னு எப்படி முதலாளி தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ அடி."

நான் சொன்னது அதுதான். மிளகை வாயில் போட்டுக் கடித்து ஈரம் எவ்வளவு என்று சொல்கிற ஆள் நான். மாத்தளை முழுக்க அதற்குப் பேர் போனவன். அந்த வாயால் சொன்னேன்.

மார்ச் 11

புரொக்டர் நோபர்ட் ஐயா, தோட்டம் வாங்கின உறுதிப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். "'பள்ளிக்குரிய, சுண்ணாம்பு அடித்த தென்னை மரங்கள் நீங்கலாக.' எண்ணிக்கை எங்க முதலாளி?"

"எழுதலை."

"ஏன் எழுதலை?"

"உறுதி எழுதின நொத்தாரிசு மறந்திருப்பார்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நொத்தாரிசு மறக்கலாம். நீங்க மறக்கிற ஆளா?"

பேச்சை மாற்றினேன்.

மார்ச் 12, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். போகாமலிருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். கைகால் கழுவி வுளூச் செய்யும் இடத்தில் ஒருவன் மற்றவனிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்: "முழுத் தோட்டத்தையும் பள்ளிக்கு வக்பு பண்ணிட்டார்னு நினைச்சேன். கண்டி மாப்பிள்ளைக்குப் பூசின பவுடராம்."

பதுர்தீன் ஹாஜியார் ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். எங்களுக்குள் ஸலாமுக்கு ஒரு குறையுமில்லை.

"ஹாஜியார், ஏழுதான்னு உங்களுக்கே தெரியும். எட்டு வருஷமா ஏழு மரத்துக் காயைத்தானே எடுத்தீங்க?"

"எட்டு வருஷமா நீங்க அனுப்பினதை எடுத்தோம். எண்ணிப் பார்க்கலை. இப்ப எண்ணிப் பார்த்தா நாப்பத்தொண்ணு இருக்கு. அல்லாஹ்வுடைய சொத்தை விட்டுக்குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஸக்கரியா."

அக்குறணையிலிருந்து ஒரு சாக்கும் தராசுமாக வந்தவன் நான். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிப் பாக்கு வாங்கினேன். இருபது வருஷமாயிற்று. இன்னும் இவர்களுக்கு நான் வந்தவன்தான்.

ஏப்ரல் 6

வழக்குப் போட்டுவிட்டார்கள். தோட்டம் முழுதும் பள்ளிக்கு உரிய நம்பிக்கைச் சொத்து என்று தீர்க்க வேண்டுமாம். மரம் மட்டும் போதாதாம், இப்போது மண்ணும் வேண்டுமாம்! மரம் நிற்கிற மண் யாருடையது என்று கேட்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மழையும் பள்ளிக்கு வர வேண்டும்.

தீர்ப்பு வரும்வரை எந்த மரத்துக் காயும் யாருக்கும் இல்லை, பறித்து விற்றுப் பணத்தைக் கோர்ட்டில் கட்டு என்று தடையுத்தரவு. எந்த மரத்துக் காயும் என்றால், அந்த ஏழும்தான். இதை ஹாஜியார் யோசித்திருக்க மாட்டார்.

வழக்கு நிற்கிற மண்ணை ஸக்கியா பேருக்கு எழுத ஏலாது என்று நொத்தாரிசு கையை விரித்துவிட்டார்.

மே 9

நோன்பு தொடங்கி ஐந்து நாள். பள்ளிக் கஞ்சி வெறும் தண்ணீர். தேங்காய்ப் பால் இல்லை, வெந்தயமும் உள்ளியும் மட்டும் மிதக்கிறது. பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் ஹாஜியாரை. நோன்பு திறக்கிற நேரத்தில் எங்கள் இருவர் பேரும் சேர்ந்து அடிபடுகிறது. ஒரு விஷயத்திலாவது ஜமாஅத் ஒற்றுமையாக இருக்கிறது.

கடையிலிருந்து நூறு தேங்காய் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். "எதிரியிடம் வாங்கினால் வழக்குக்குப் பாதகம்" என்று அவர்களுடைய புரொக்டர் சொன்னாராம்.

ஜூலை 14

தவணை, வழக்கு தள்ளிப்போயிற்று. அவர்களுடைய புரொக்டருக்குக் காய்ச்சல்.

செப்டம்பர் 22

தவணை. நீதிபதி லீவு. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஹாஜியாருக்கு உட்கார இடமில்லை. எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 30

கண்டியிலிருந்து ஆள் வந்தது. அடுத்த நோன்புக்கு முன்னால் உறுதி கைக்கு வராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். வட்டிலப்பத்தையும் தின்றுவிட்டுத்தான் சொன்னார்கள்.

ஸக்கியா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் வட்டிலப்பத் தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 18

இன்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர்களுடைய புரொக்டர் இங்கிலீஷில் கேட்க, கோர்ட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் சொல்ல — ஒரு கேள்விக்கு நாலு தடவை அவமானம்.

"பள்ளி மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துகொண்டே நாற்பத்தொன்றுக்கும் அடித்தீர்களா?"

"அழகுக்கு அடிச்சேன்."

முதலியார் அதை மொழிபெயர்த்ததும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பின்னால் பெஞ்சில் இருந்த ஜமாஅத்து ஆட்களுக்கு அதற்குப் பிறகு அடக்க முடியுமா?

"உங்கள் உறுதியே சுண்ணாம்பு அடித்த மரம் பள்ளிக்கு என்கிறது. நீங்களே சுண்ணாம்பு அடித்தீர்கள். ஏழு என்பதற்கு உங்கள் வாயைத் தவிர வேறு சாட்சி உண்டா?"

நோபர்ட் ஐயா எழுந்து, உண்டு, தவணை வேண்டும் என்றார்.

வெளியே வந்து படியில் நின்று சொன்னார்: "ரெண்டு பேர் போதும் முதலாளி. வித்த அந்த அம்மா. அடுத்தது மரமேறுகிற அந்தோனிமுத்து. அவங்க ரெண்டு பேரும் ஏழுன்னு சொன்னா வழக்கு முடிஞ்சுது."

"அந்தோனிமுத்து வேணாம்."

"ஏன்?"

"அவனுக்குக் கோர்ட் பயம்."

நவம்பர் 21

அவனுக்கு ஒரு பயமும் இல்லை. எனக்குத்தான்.

இதை எங்கேயும் எழுதியதில்லை. மனைவி நூருன்னிஸாவுக்கும் தெரியாது.

1946இல் நான் விலை பேசப் போனபோது உம்மு குல்தூம் ராத்தா இத்தாவில் இருந்தார். புருஷன் மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் பெண் வெளியே வராமல் இருக்கிற காலம். கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள், அவரால் அந்தக் காலம் முடியும்வரை காத்திருக்க முடியவில்லை. நான் வெளி விறாந்தையில், அவர் கதவுக்குப் பின்னால். பள்ளி மரம் எத்தனையோ அத்தனையும் விலையில் கழியும். அவர் ஏழு என்றார். நான் பதினொன்று என்றேன்.

"ஏழுதான் தம்பி, அவங்க என்கிட்டச் சொன்னாங்களே."

"பதினொண்ணுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு ராத்தா. வெளியே வந்து எண்ணிப் பாருங்க."

வர முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். பதினொன்றுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது உண்மைதான். நாலுக்கு முந்தின நாள் பொழுது சாய அந்தோனிமுத்துவைக் கொண்டு நான் அடித்தேன்.

ராத்தாவுக்குப் பதினொன்று, பள்ளிக்கு ஏழு. அதனால்தான் உறுதியில் எண்ணிக்கை வேண்டாம் என்று நொத்தாரிசிடம் சொன்னேன். வாங்கின அடுத்த வருஷ மழையில் அந்த நாலும் கழுவிப்போயிற்று. கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு என்னையே நான் மெச்சிக்கொண்டேன். நல்ல விலையில் கிடைத்த நல்ல மண், வேறென்ன?

நேற்று அந்தோனிமுத்துவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். தலையைச் சொறிந்தான். "கேட்டதுக்கு மட்டும் சொல்றேன் முதலாளி. ஆனா வேதப் புத்தகத்தை முத்தி செஞ்சு சத்தியம் பண்ணிட்டு நிக்கும்போது, இதுக்கு முன்னால யாருக்காவது சுண்ணாம்பு அடிச்சியான்னு கேட்டுட்டா?"

கேட்பார்கள். அந்தப் புரொக்டர் கேட்பார்.

1955 ஜனவரி 16

உக்குவளைக்குப் போனேன். ராத்தா தங்கச்சி வீட்டு ஓரத்தில் ஒரு அறையில் இருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாராம். கை முழுக்க மாவு. இரண்டு றாத்தல் சீனியும் பேரீச்சம்பழமும் கொண்டு போயிருந்தேன். "வெச்சுட்டு உட்காருங்க" என்றார்.

வழக்கைச் சொன்னேன். கார் அனுப்புகிறேன், கோர்ட்டில் வந்து ஏழு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"ஏழுதான். சொல்றேன். ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பாதியைச் சொல்ல ஏலாதே தம்பி. ஏழு எப்படிப் பதினொண்ணாச்சுன்னும் சொல்லணுமே."

"பதினொண்ணுன்னு நான்... அன்னிக்கு எண்ணினதுல ஏதோ..."

"கதவிடுக்கு ஒண்ணு இருந்துச்சு. இத்தாவுல வேற என்ன வேலை எனக்கு? முழுநாளும் அதாலதான் வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன். முந்தின நாள் அஸர் தொழுற வரைக்கும் ஏழு. விடிஞ்சா பதினொண்ணு. அந்த வேதக்கார ஆள் வாளியோட போறதையும் பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க எழும்பிப் போயிருப்பீங்க. கடன்காரன் இருந்திருப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. இடியப்பத் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார். அதுதான் — எட்டு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறார். ஜும்ஆவுக்குப் பிறகு எத்தனை தடவை அவர் தங்கச்சி மகனிடம் "பெரியும்மாவுக்கு ஸலாம் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்!

நாலு மரத்துக்குக் கழித்த பணத்தைத் தந்துவிடுகிறேன், எட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். காசை மடியில் கொண்டுதான் போயிருந்தேன்.

"காசு வேணாம். தந்தா தங்கச்சி மகன் ஒரு கிழமையில முடிச்சிருவான். மரத்தைத் தாங்க."

"மரத்தையா?"

"சம்பலுக்குக் கிழமைக்கு மூணு தேங்காய் நான் காசுக்கு வாங்குறேன். நாலு மரம் இருந்தா வாங்க வேண்டியதில்லை. நான் மௌத்தானா பள்ளிக்குப் போகட்டும்."

"அப்ப கோர்ட்டுக்கு?"

"நீங்க ஹாஜியாரோட பேசி முடிச்சுட்டா என்னை ஏன் யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடப் போறாங்க?"

மாத்தளையில் நான் வியாபாரி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17

நூருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டி ஆட்களுக்குக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அதையும் சொன்னேன்.

"கண்டியை விடுங்க. அந்த மண்ணுலதானே ஸக்கியா வீடு கட்டப் போறா. அந்தத் தேங்காயைத் துருவித்தானே ஆக்கப் போறா. எப்படி அவளைத் துருவச் சொல்றீங்க?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (இந்த வரியைப் பத்தொன்பதாம் தேதி எழுதுகிறேன்.)

பிப்ரவரி 8

நாலு மரமும் கொடுக்கிறேன் என்று உக்குவளைக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். பயத்தாலா, அது ராத்தாவுக்குச் சேர வேண்டிய ஹக்கு என்பதாலா? யோசித்துப் பார்த்தேன். முதலில் பயம்தான். பிறகு எதுவென்று தெரியவில்லை. தராசில் வைக்கிற விஷயமில்லை போலிருக்கிறது.

மார்ச் 4, வெள்ளி

ஹாஜியார் வீட்டுக்கு நானே போனேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு. நாற்காலியைக் காட்டினார்.

"அடுத்த மாசம் நோன்பு" என்றேன்.

"தெரியும்."

"இந்த வருஷமும் தண்ணிக் கஞ்சிதானா?"

அந்த இடத்தில்தான் மனுஷருக்கு வலித்தது. ஜமாஅத்தில் அவரைப் போட்டு உலுக்குகிறார்களாம். கஞ்சித் தேங்காயைப் புரொக்டருக்கு ஆக்கிப் போட்டுவிட்டார் என்கிறார்களாம். உம்மு குல்தூம் ராத்தா ஏழு என்று சொல்லத் தயாராக இருக்கிறார், வந்தால் உங்கள் வழக்கு நிற்காது என்றும் சொன்னேன். நிற்காது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அல்லாஹ்வுடைய சொத்து, அதிகாரம் இல்லை, என்று அதே பாட்டு.

"பள்ளிக்கு ஏழு. இன்னும் நாலு ராத்தாவுக்கு, அவங்களுக்குப் பிறகு பள்ளிக்கு. கேட்டதுல கொஞ்சம் கிடைச்சுதுன்னு ஜமாஅத்துக்குச் சொல்லுங்க."

"நாலு அவங்களுக்கு ஏன்? காரணமில்லாம ஒரு குரும்பையும் குடுக்கிற ஆளில்லையே நீங்க."

"அவங்க ஹக்கு."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "றமீஸா, ரெண்டு டீ" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் பறிகூலிக்குச் சண்டை போட்டோம்.

ஏப்ரல் 5

சமாதானம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று. எந்தெந்த மரம் என்று குறித்து இணைக்க இரண்டு கிழமை தந்தார்கள். நோபர்ட் ஐயா பில்லை நீட்டினார். அந்தக் காசுக்கு நாற்பத்தொரு மரமும் புதிதாக நட்டிருக்கலாம்.

ஏப்ரல் 17, ஞாயிறு

மரம் குறிக்க எல்லோரும் தோட்டத்துக்கு வந்தார்கள். ஹாஜியார், நோபர்ட் ஐயா, நொத்தாரிசு, அந்தோனிமுத்து. ராத்தாவுக்குக் கார் அனுப்பியிருந்தேன். ஸஹாப்தீன் நானா போன பிறகு இந்த மண்ணில் அவர் கால் வைப்பது இன்றைக்குத்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேரே போய்ப் பள்ளி மரம் ஏழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்தோனிமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"அடுத்தது உங்க நாலு" என்றேன். நான் அன்றைக்குக் கூட்டின நாலும் வேலியோரத்தில் இருக்கிறது. அதில் இரண்டு கிழட்டு மரம், இன்னொன்றில் வண்டு விழுந்திருக்கிறது. அந்தப் பக்கமாகத்தான் நடந்தேன்.

அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கிணற்றடிக்குப் போனார். தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற நாலும் அங்கேதான் நிற்கிறது. நிமிர்ந்து குலைகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டினார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். அந்தோனிமுத்து வானத்தைப் பார்த்தான்.

"எழுதிக்குங்க" என்றேன் நொத்தாரிசிடம்.

அவர் எழுதினது: ஏழு மரம் பள்ளிவாசலுக்கு, என்றைக்கும். கிணற்றடி மரம் நாலு உம்மு குல்தூமுக்கு, அவர் உயிரோடிருக்கும் வரை. பிறகு அதுவும் பள்ளிக்கு. மீதி முப்பது மரமும் மண் முழுதும் ஸக்கியாவுக்கு. கோர்ட்டில் கட்டிய பணம் கஞ்சிக்கு. பட்டுப்போகிற மரத்துக்குப் பதில் மரம் நான் வைக்க வேண்டும். வழக்குச் செலவு அவரவர்க்கு. பதினொரு மரத்துக்கும் பறிகூலி என்னுடையது, உக்குவளை வரைக்கும் வண்டிக் கூலியும்.